துப்பாக்கி புடிச்ச மாப்ளைக்கு

வாடா மாப்ள. ஒரகடத்துல காண்ட்ராக்ட் வேலையை உதறிட்டு, கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வாங்கி தேக்குக் கதவுக்கு பாலிஷ் அடிக்கப் போறியாமே? பேஷ். கண்ணாடிக்கு வெளிய நின்னு ரோபோ பெயிண்ட் அடிக்கிறதைப் பார்த்தவன் நீ. உனக்கு நான் இன்னா சொல்றது?

உப்புத்தாள் தேய்க்கிறதெல்லாம் எங்க காலத்து வேலை, அதை நீ தொடாதே. 180, அப்புறம் 220, சீலர் காஞ்சதும் 320-னு மரத்தோட ரேகை போற போக்குல தேய்ச்சிக்கினு இருந்தா என்னிக்கு பணக்காரனாவறது? மேல பளபளன்னு மெலமைன் பாலிஷ் ஏறினதும், கண்ணுக்குத் தெரியாம கிடந்த கீறல் அத்தனையும் எழுந்து நிக்கும். வீட்டுக்காரர் கேட்டா தேக்கு ரேகை சார்னு சொல்லிடு.

கன்னை மணிக்கட்டுல திருப்பித் திருப்பி வீசு. நடுவுல வழியும், ஓரம் சொரசொரன்னு கிடக்கும். பலகைக்கு நேரா, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சலா புடிச்சு, முழுக்கையும் ஒரே வேகத்துல நகர்த்தி, முன்னாடி அடிச்சதுல பாதியை அடுத்த வீச்சு மூடணும்னு சொல்றவன் பொழைக்கத் தெரியாதவன்.

அந்த ரோபோவுக்கு வாய்ச்சது கைநேர்த்தி மட்டுமில்லடா, ரூமும்தான். வடிகட்டின காத்து, அளந்து வெச்ச சூடு, ஈரம். உன் ஷெட்டுக்கு வாய்ச்சது டிப்பர் லாரிப் புழுதி. 2013-ல வந்த ராயல் என்ஃபீல்டு ஒரகடம் ஆலையில டாங்குக்கு ரோபோதான் பெயிண்ட் அடிக்குது. ஆனா தங்கக் கோடு இழுக்க தூரிகையோட மனுஷனைத்தான் கூப்பிட்டாங்க. உன்னைக் கூப்பிடலை, அது வேற விஷயம்.

ஐப்பசி அடைமழையில அவசியம் என்.சி. லாக்கர் பாலிஷ் அடி. தின்னர் பறக்கிறப்போ மரத்து மேல குளிர்ச்சி தட்டும், காத்துல இருக்கிற ஈரம் அங்க வந்து குந்திக்கும். கதவு விபூதி பூசின மாதிரி வெளுத்துப் போவும். ராமானுஜர் பொறந்த ஊர்ல போய் விபூதியான்னு ஸ்ரீபெரும்புதூர்க்காரங்க கேட்டா என் பேரைச் சொல்லாதே. கம்ப்ரஸர் டாங்குல தேங்குற தண்ணியையும் வடிக்காதே. கொஞ்சம் தீர்த்தமும் தெளிச்ச மாதிரி ஆச்சு.

மூஞ்சிக்குக் கைக்குட்டை போதும். பி.யு. பாலிஷுல கலக்குற ஹார்டனர்ல இருக்கிற ஐசோசயனேட் துணியைப் பார்த்ததும் பயந்து ஓடிடும்! 1888 வாக்குல அமெரிக்காவுல டெவில்பிஸ்னு ஒரு டாக்டர், தொண்டைக்கு மருந்து பீச்சச் செஞ்ச சாமான்தான் இந்தக் கன்னுக்குப் பாட்டன். அவர் பையன்தான் அதைப் பெயிண்டுக்குத் திருப்பினது. தொண்டைக்கு வந்ததை வெச்சே தொண்டையைக் கெடுத்துக்கோ, கணக்கு நேராயிடும். டேய், இது மட்டும் வெளாட்டில்லை. ஒருதரம் ஒடம்புக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலே இழுப்பு வரும். வெளிக்காத்து குழாய்ல வர்ற முகமூடி வாங்கு, கன் அப்புறம் வாங்கிக்கலாம்.

கலந்த பி.யு.-வை கன்னுல அப்படியே விட்டுட்டு மத்தியானம் படுத்துத் தூங்கு. உள்ளயே கெட்டியாயிடும். புதுக் கன்னுக்குக் காசு வேணும்னா எங்கிட்ட வராதே. பொட்டிச் சாவி உங்க அத்தை இடுப்புல இருக்கு, தைரியம் இருந்தா கேளு.