மாட்டுக்குப் பாத்த பல்லு

மருமவனே, சந்தையில மாடு பிடிக்கப் போனா முதல்ல எங்கன பாப்பே? வாயைப் பிளந்து பல்லைத்தானே பாப்பே. ரெண்டு பல்லு போட்டிருக்கா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடைமுளைச்சு முடிஞ்சுட்டா, இல்ல தேஞ்ச கெழடை நம்ம தலையில கட்டப் பாக்கானான்னு, தரகன் துண்டுக்குள்ள விரலைப் பிடிக்கதுக்கு முன்னாலயே நோட்டம் விட்டுருவே. ஊரான் மாட்டுப் பல்லு மேல இம்புட்டு அக்கறை. சொந்த வாயைக் கண்ணாடியில பிளந்து பாத்து எத்தனை வருசம் இருக்கும்? மீசையை முறுக்கிவிட அரை மணி நேரம் கண்ணாடி முன்னால நிக்கே. அந்த மீசைக்குக் கீழதான் 32 பேரு குடியிருக்கான். ஒருத்தனையாவது விசாரிச்சியா?

விசாரிக்க மாட்டே. அவன் நடுச்சாமத்துல உன்னைத் தட்டி எழுப்பணும். தாடையைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு நீ எட்டூருக்குக் கேக்க முனகணும். அப்பவும் ஆஸ்பத்திரிக்கா போனே? முதல் நாள் கிராம்பு. ரெண்டாம் நாள் கிராம்புத் தைலம். மூணாம் நாள் எவனோ சொன்னான்னு புகையிலையைத் திணிச்சே. அடுத்தாப்ல தலைவலி மாத்திரையைப் பொடிச்சு ஈறுல அப்பி, ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சு, பல்வலிக்குத் துணையா வாய்ப்புண்ணையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னே. கெட்டிக்காரன்.

கிராம்பை நான் குத்தம் சொல்லல. அதுல இருக்க யூஜினால்ங்கிற சத்து வலியை மரக்க வைக்கும். பல் டாக்டர்களே அதை ஜிங்க் ஆக்சைடுப் பொடியோட குழைச்சுத் தற்காலிகமா பல்லை அடைக்கது உண்டு. ஆனா அவுக பொந்தைச் சுத்தம் பண்ணிட்டு அடைக்காக; நீ அழுக்கு மேலயே அடைக்கே. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அஞ்சாம் நாளு வலி தானா நின்னுபோச்சு. "கை வைத்தியமே வைத்தியம்"னு டீக்கடையில உக்காந்து ஊருக்கே புத்தி சொன்னே பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல. பல்லோட மேல் ஓடு இருக்கே, எனாமல், உடம்புலயே அதைவிடக் கெட்டியான பொருள் கிடையாது. எலும்புகூட அதுக்கு அடுத்துத்தான். ஆனா அதுல உசுரு இல்ல. ஓட்டை விழுந்துட்டா திரும்ப வளராது, அரிக்கும்போது வலிக்கவும் செய்யாது. சொத்தை அதைத் தாண்டி டென்டின்கிற உள்சுவருக்கு வந்தாத்தான் பச்சத்தண்ணி பட்டா சுருக்குங்கும், இனிப்புப் பட்டாக் கூசும். அதையும் துளைச்சு நடுவுல இருக்க நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் போனாத்தான் ராத்திரி உறக்கம் கெடும். அப்புறம் ஒரு நாள் அந்த நரம்பு செத்துப்போகும். செத்தவன் எப்படிக் கத்துவான்? நீ குணமாயிட்டுன்னு கூட்டாளிகளுக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தே. உள்ள வேர் நுனியில சீழ் கட்ட ஆரம்பிச்சாச்சு. அந்த வீக்கந்தான் இப்ப உன் கன்னத்துல கொழுக்கட்டையா உக்காந்திருக்கு.

இந்த இடத்துல மட்டும் வெளாட்டில்லாமச் சொல்லுதேன், கேட்டுக்கோ. வீக்கம் தாடைக்கு அடியில கழுத்துப் பக்கம் இறங்குது, நாக்கு மேல தூக்குது, எச்சி முழுங்க முடியல, வாய் திறக்கல, காய்ச்சல் அடிக்கு, மூச்சு முட்டுதுன்னா, விடியட்டும்னு காத்திருக்கப்படாது. அந்த ராத்திரியே வண்டி பிடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். பல்லுல இருந்து புறப்பட்ட சீழ் மூச்சுக்குழாயை நெரிச்சு ஆளைக் கொண்டுபோயிரும். வீக்கத்துக்கு மேல சுடுதண்ணி ஒத்தடமும் குடுக்காதே.

சரி, ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலன்னு கேட்டா, "மேல் பல்லைப் பிடுங்குனா கண்ணு அவிஞ்சுரும் மாமா"ங்கே. யாருலே சொன்னா? பல்லுக்குப் போற நரம்பு மூளையில இருந்து வர்ற அஞ்சாவது நரம்போட கிளை. பார்வைக்கு உள்ளது ரெண்டாவது நரம்பு. ரெண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ மாடு தெரிஞ்சவன்தானே? மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாது, வெறும் மெத்தைதான். மேல் பல்லு போனா கண்ணு போகும்னா, நம்ம தொழுவுல நிக்க மாடெல்லாம் பிறவிக் குருடால்லா இருக்கணும்? அதுக தள்ளி நின்னே அடுத்தவன் வயல்ல பருத்திச் செடி நிக்கதைக் கண்டுக்கிடுது!

கிளீன் பண்ணுனா பல்லு ஆட்டம் குடுக்கும்ங்கிறது அடுத்த புரளி. பல்லு இடுக்குல காரை கட்டி, அது ஈறைத் தள்ளி, ஈறு கீழ இறங்கி, எலும்பு கரைஞ்சு, பல்லு எப்பவோ ஆடிப்போயிருக்கும். காரை சிமெண்டா இறுகிப் பிடிச்சிருக்கதால உனக்குத் தெரியல. டாக்டர் அதைச் சுரண்டி எடுத்ததும் இடைவெளி தெரியுது, பல்லு ஆடுது. உடனே பழி டாக்டர் தலையில. பல்லு வெளக்கும்போது துப்புனா ரத்தம் வருதே, அது "பிரஷ் பட்டுட்டு" இல்ல. ஈறு வீங்கிக் கெடக்குன்னு அர்த்தம். ரத்தம் வருதேன்னு அந்தப் பக்கம் பிரஷே கொண்டுபோக மாட்டேங்கே. அதனால இன்னும் வீங்குது.

எந்த டாக்டர்கிட்டப் போகன்னு கேக்கியா? ரோட்டோரம் சாக்கை விரிச்சுப் பல்செட்டு அடுக்கி வச்சிருக்கவன்கிட்ட வேண்டாம். அவன் குறட்டை ஆளுக்கு ஆள் கொதிக்க வைக்கானான்னு நீ பாத்தியா? மஞ்சள்காமாலையை இலவசமா வாங்கிக்கிட்டு வருவே. கல்கத்தாவுல ரஃபியுதீன் அகமதுன்னு ஒருத்தர் 1920-லயே பல்லுக்குன்னு தனிக் கல்லூரி தொடங்கிட்டாரு. பல் மருத்துவர் சட்டமே 1948-ல வந்துட்டு. படிச்சுப் பதிவு பண்ணுனவுகதான் பல்லுல கை வைக்கலாம். அவுக பதிவு எண்ணைக் கேட்டா தப்பில்ல. கையில காசு இல்லையா, அரசு ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கான்னு விசாரி. பெரிய வேலைன்னா சென்னையில 1953-ல தொடங்குன அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, சிதம்பரத்துல இருக்கு, இப்பப் புதுக்கோட்டையிலயும் வந்துட்டு. படிக்கிற பிள்ளைக பாக்கும், மேல வாத்தியாரு நிப்பாரு. கொஞ்சம் மெதுவா நடக்கும். உனக்கு அப்படி என்ன கலெக்டர் வேலை கெட்டுப்போகுது?

போனா வாயை மூடிக்கிட்டு உக்காராதே. ஜோசியன்கிட்ட நாள், நட்சத்திரம், பாட்டன் பேரு, பங்காளித் தகராறு எல்லாம் ஒப்பிக்கே. டாக்டர் "சுகர் உண்டா"ன்னு கேட்டா மட்டும் "லேசா"ங்கே. லேசா சுகர்னு ஒண்ணு கிடையாது. சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா பல்லு எடுத்த புண்ணு ஆறாது; ஈறுல சீழ் இருந்தா சுகரும் இறங்காது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தூக்கிவிடும். பிரஷர் மாத்திரை, நெஞ்சுக்கு ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரை, வால்வு ஆபரேஷன், எலும்பு தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, எந்த மருந்து ஒத்துக்காது, எல்லாத்தையும் சொல்லு. வாயில பேரு நுழையலன்னா சீட்டை எடுத்துக்கிட்டுப் போ. பல்லு எடுக்கணும்ங்கிறதுக்காக ரத்த மாத்திரையை நீயா நிப்பாட்டிறாதே. அதை நிப்பாட்டச் சொல்லுத உரிமை உன் நெஞ்சு டாக்டருக்குத்தான். வீட்ல மாசமா இருக்க பொண்ணுக்குப் பல்வலின்னா "பிரசவம் ஆகட்டும்"னு தள்ளாதே. நாலுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் வைத்தியம் பாக்கத் தோதான காலம், டாக்டர்கிட்ட மாசத்தைச் சொன்னாப் போதும்.

முக்கியமா, சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்துல போயி ஊசியைப் பாத்ததும் கண்ணு இருட்டிக் கீழ விழுந்துட்டு, "டாக்டர் என்னமோ பண்ணிட்டாக"ன்னு வந்து சொல்லப்படாது. தைரியத்துக்குன்னு ஒரு கட்டிங் போட்டுக்கிட்டும் போகாதே. மீசைக்காரன் நாத்தத்தோட போயி நாற்காலியில சாஞ்சா அந்த டாக்டரம்மா உன்னை என்னன்னு நினைப்பாக? மரத்துப்போற ஊசி போட்டா உதடு ரெண்டு மூணு மணி நேரம் உனக்குச் சொந்தமா இருக்காது. அதுக்குள்ள சுடச்சுடக் காப்பி குடிச்சு வெந்துக்காதே, உதட்டையும் கடிச்சுக்காதே.

இனி உன் கஞ்சத்தனத்துக்கு வாரேன். "பிடுங்குனா சில்லறையில முடியுது, காப்பாத்துனா ஆயிரக்கணக்குல கேக்காக, பிடுங்கிருங்க"ம்பே. கடவாய்ப்பல்லு ஒண்ணு போனா பக்கத்துப் பல்லு அந்தக் காலி எடத்துல சாயும், மேல் பல்லு கீழ இறங்கும். வரப்பு ஒரு சாண் தள்ளுனா கோர்ட்டுக்குப் போற ஆளு நீ, வாய்க்குள்ள நடக்க ஆக்கிரமிப்பு உன் கண்ணுல படாது. ரூட் கெனால்னா ஒண்ணும் பூதமில்ல. செத்த நரம்பை வழிச்சு எடுத்து, வேர்க்குழாயைக் கழுவி, மலேயாக் காட்டு மரத்துப் பால்ல செஞ்ச கட்டாபெர்ச்சாங்கிற பொருளை வச்சு அடைக்காக. ரெண்டு மூணு தடவை போகணும். பாதியில வலி நின்னுட்டுன்னு நின்னுறாதே. அங்கதான் நம்ம ஆளுக முக்காவாசிப் பேரு ஓடிருதாக. முடிஞ்சதும் கடவாய்ப்பல்லுக்குக் கேப் போடச் சொன்னா அது வியாபாரம்னு நினைக்காதே. உள்ள குடைஞ்சு எடுத்த பல்லு, முறுக்கைக் கடிச்சாக் குறுக்க பிளந்துரும். அதுக்காகச் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டவும் வேண்டாம். "எக்ஸ்ரேயைக் காட்டுங்க, எது வரைக்கும் சொத்தை போயிருக்கு, வேற வழி உண்டா, மொத்தம் எவ்வளவு ஆகும்"னு முதல்லயே கேளு. நேர்மையான டாக்டரு விரலை வச்சுக் காட்டுவாக. வேர் வரைக்கும் பிளந்த பல்லுன்னா பிடுங்குறதுதான் முறை, அப்ப அழப்படாது.

பிடுங்குன பொறவு பஞ்சை முக்கால் மணி நேரம் கடிச்சுக்கிட்டு இரு. வாயைத் திறந்து கதை பேசாதே. ஊருக்கு ஒரு நாள் நிம்மதி. துப்பாதே, கொப்பளிக்காதே, இளநியை உறிஞ்சு குடிக்காதே, பீடி பத்தவைக்காதே. அந்தக் குழியில கட்டுற ரத்தக்கட்டிதான் மருந்து. அது பிடுங்கிக்கிட்டு வந்தா மூணாம் நாளு எலும்பு காஞ்சு ஒரு வலி வரும், பழைய பல்வலியே தேவலன்னு ஆயிரும். உப்புத்தண்ணி மறுநாள்ல இருந்து. அன்னைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடலாம்பாக. இந்த ஒரு உத்தரவை மட்டும் நீ ஒழுங்கா நிறைவேத்துவேன்னு எனக்குத் தெரியும்.

பல்லு வெளக்குறதைப் பத்தி ரொம்பச் சொல்லப்போறதில்ல. செங்கப்பொடி, சாம்பல், கரித்தூளு எல்லாம் எனாமலைத் தேய்க்கும். மெத்துன பிரஷ், புளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு. டிவியில பிரஷ் நீளத்துக்கும் வளைச்சு வளைச்சுப் பிழியுதானேன்னா, அவன் பேஸ்ட் விக்க வந்தவன். ராத்திரி வெளக்குறதுதான் முக்கியம், உறங்கும்போது எச்சி ஊறாது, கிருமிக்குத் திருவிழா. துப்பிட்டு வாயைத் தண்ணி விட்டு அலசித் தீக்காதே. நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாக, பெருமைதான், தின்னு. ஆனா ஒரே மூச்சுல தின்னுட்டு வாயைக் கொப்பளி. நாள் பூரா ஒதுக்கி வச்சுக் கொறிக்காதே. எம்புட்டு இனிப்புங்கிறதைவிட எத்தனை தடவைங்கிறதுதான் பல்லுக்குக் கேடு. ஒவ்வொரு தடவையும் கிருமி அமிலம் காய்ச்சும், அதை எச்சி சரிக்கட்ட அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். நீ அதுக்குள்ள அடுத்த டீயைச் சொல்லிருதே.

தர்மபுரியில சம்பந்தம் பண்ணுனமே, அந்தப் பிள்ளை பல்லுல இருக்க காவிக்கறை வெளக்காமச் சேந்தது இல்ல, அதை வச்சுக் கேலி பேசாதே. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல புளோரைடு இருக்க ஆழ்குழாய்த் தண்ணியைச் சின்ன வயசுல குடிச்சதால, பல்லு உருவாகும்போதே ஏறுன கறை. அதுக்காகத்தான் 2013-ல இருந்து ஒகேனக்கல் தண்ணியை அந்தப் பக்கம் கொண்டுபோறாக.

உன் மவனுக்கு ஆறு வயசாகப்போகுதுல்லா? வரிசைக்குக் கடைசியில, எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடவாய்ப்பல்லு முளைக்கும். "பால்பல்லுதான், விழுந்து முளைக்கும்"னு சொத்தையாக விட்டுறாதே. அது சாகுற வரைக்கும் இருக்கவேண்டிய பல்லு. அவன் கிரிக்கெட்டுப் பந்துல அடிபட்டு, முளைச்ச நிரந்தரப் பல்லு வேரோட வந்துட்டுன்னா, வேரைத் தொடாம மேல் பக்கத்தைப் பிடி, தேய்க்காதே, பால்ல போட்டுக்கிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட ஓடு. திரும்ப நட்டுருவாக. கூரை மேல எறிஞ்சுட்டு வராதே. விழுந்தது பால்பல்லுன்னா திரும்ப வைக்கப்படாது, அதை வேணா எறி.

கடைசியா உன் அத்தை சமாச்சாரம். வெத்தலை, பாக்கு, அதுக்குள்ள புகையிலை. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புத்துநோய்க்குக் காரணம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுக்காரங்க 2004-லயே சொல்லிட்டாக. அவ கேக்கணுமே. கன்னத்துக்குள்ள ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, ஆறாத புண்ணு ஒண்ணு இருக்கு. ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணுன்னா டாக்டர் பாத்தே ஆகணும். மூணு விரலை நட்டுக்குத்தலா வச்சா வாய்க்குள்ள நுழையணும். அவளுக்கு ரெண்டுதான் நுழையுது. அந்த வாயிலயே என்னை இம்புட்டு வையுதான்னா பாத்துக்கோ. நாளைக்கு நீ போறப்ப அவளையும் ஏத்திக்கிட்டுப் போ. கண்ணாஸ்பத்திரிக்குன்னு சொல்லு, பல்லுன்னா பஸ்ஸை விட்டு இறங்கிருவா. வாசல்ல போயி உண்மையைச் சொல்லு. வைவா. வாங்கிக்கோ, நான் வாங்காததா!