அட்டை நல்லாருக்குலே, பாட்டு எங்க?

ஏலே பேராண்டி, நீ பாட்டுக் கோஷ்டி ஆரம்பிச்சிருக்கன்னு உங்க ஆச்சி சொன்னா. சந்தோசம். பாட்டு இன்னும் ஆகலை, ஆனா அட்டைப்படம், லோகோ, பனியன், எட்டு செகண்டு வீடியோ எல்லாம் தயாராயிட்டுன்னும் சொன்னா. அதைவிடச் சந்தோசம். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, பாயசத்தையும் இறக்கிவச்சுட்டுப் பொண்ணு தேடப் போற மாப்பிள்ளையை இந்த வயசுல பாக்கக் கொடுத்து வச்சிருக்கணும்லா.

நான் ரேடியோ செட்டு போட்டவன். கோயில்கொடை, கல்யாணம், சடங்குன்னு பனை உச்சியில குழாயைக் கட்டி நாலு ஊரை எழுப்பினவன். படம் பத்தி இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சிராத. ரெக்கார்டு நடுவுல ஒரு நாய் குழாய்க்கு நேரா உக்காந்து தலையைச் சாய்ச்சுக் கேக்குமே, அந்த நாய் மார்க்கைப் பாத்துதான் நாங்க சரக்கே வாங்குவோம். அதுலயும் ஒரு தில்லுமுல்லு உண்டு. பிரான்சிஸ் பரோடுன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு முதல்ல வரைஞ்சப்ப, அந்த நாய் கேட்டது எடிசன் வகை உருளை மெஷினை. கிராமபோன் கம்பெனி, எங்க மெஷினைப் போட்டுக் குடுத்தா வாங்கிக்கிடுதோம்னு சொல்லிட்டு. 1899ல பழைய மெஷின் மேலயே பெயிண்டை அப்பி, தட்டு மெஷினை வரைஞ்சு குடுத்துட்டாரு மனுசன். நாய் கவலையே படலை, அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. பாட்டுக்காரங்க படத்துல பண்ணுற கோல்மால் உன்னோட ஆரம்பிச்சதுன்னு மட்டும் பெருமையடிக்காத.

போன பொங்கலுக்கு நீ போட்டுட்டு வந்த கறுப்புச் சட்டை ஞாபகம் இருக்கா? நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக் கோடு, மலை மலையா. என்னலே இது, பொதிகையான்னு கேட்டேன். "ஆல்டர்நேட்டிவ் தாத்தா"ன்ன. சரி, அந்தக் கோஷ்டி பாடினதுல ஒண்ணை முணுமுணுத்துக் காட்டுன்னேன். போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சுட்ட. சட்டையைத் துவைக்கப் போடும்போது உங்க ஆச்சி கேட்டா, நான்தான் வெவரம் சொன்னேன். நீயும் கேட்டுக்கோ.

அது மலையும் இல்லை, கடலலையும் இல்லை. வானத்துல ஒரு நட்சத்திரம் துடிக்கிற துடிப்பு. 1967ல கேம்பிரிட்ஜ்ல ஜோசலின் பெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவி கண்டுபிடிச்ச முதல் பல்சார் அது. ஒண்ணேகால் செகண்டுக்குச் சித்த கூட ஆனா ஒரு துடிப்பு, தாளம் தப்பாது. நம்ம ஊரு நையாண்டி மேளத்துல அப்படி ஒரு தவில்காரரைக் காட்டு பாப்போம். அந்தத் துடிப்பை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிக் கோடா வரைஞ்சது, ஹெரால்ட் கிராஃப்ட்னு ஒருத்தரு 1970ல எழுதின ஆராய்ச்சிப் புஸ்தகத்துல இருக்கு. பிறகு அது ஒரு வானவியல் கலைக்களஞ்சியத்துல ஏறுச்சு. மான்செஸ்டர்ல ஜாய் டிவிஷன் கோஷ்டியில கிதார் வாசிச்ச பெர்னார்டு சம்னர் கண்ணுல பட்டுச்சு. பீட்டர் சாவில்ங்கிற அட்டை வடிவமைப்பாளர் கையில குடுத்தாக. வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடா இருந்ததை அவரு தலைகீழாக்கி, கறுப்புல வெள்ளையாப் போட்டாரு. 1979ல அந்த அட்டையோட அவுக தொகுப்பு 'அன்னோன் பிளஷர்ஸ்' வந்துச்சு. முன்பக்கத்துல கோஷ்டி பேரும் இல்லை, பாட்டுப் பேரும் இல்லை. இப்ப அந்தப் படம் பனியனா உலகத்தைச் சுத்துது. 2012ல டிஸ்னிக்காரன் அதே கோட்டை மிக்கி எலி வடிவத்துல வளைச்சுச் சட்டை போட்டான். சனங்க சத்தம் போடவும் கடையில இருந்து எடுத்துட்டான். எலிக்கு இருந்த கூச்சம்கூட உனக்கு இல்லையேடே, ஒரு பாட்டாவது கேட்டுட்டுச் சட்டையை மாட்டக்கூடாதா?

அதே சாவில் 1983ல நியூ ஆர்டர் கோஷ்டியோட 'புளூ மன்டே'க்கு ஒரு அட்டை செஞ்சாரு. கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி மாதிரி அங்கங்க ஓட்டை வெட்டின அட்டை. பேரை எழுத்துல எழுதாம கலர்க் கட்டத்துல சங்கேதமா வச்சாரு. அட்டைச் செலவு எகிறிப்போயி, ஒவ்வொரு தட்டு வித்தப்பவும் கம்பெனிக்குக் கைநட்டம்னு ஒரு கதை இன்னிக்கும் ஓடுது. மெய்யோ பொய்யோ, உனக்கு ஏத்த கதை. ஆனா ஒரு வித்தியாசம். அவுக பாட்டு அவ்வளவு வித்துச்சு, அதனால நட்டம். உனக்கு அந்தப் பயமே வேண்டாம்.

உன் காலத்துல செலவே இல்லையேலே. நாங்க ஒரு அடி அகலத்துல அட்டையை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போவோம். உன் அட்டை போன்ல பெருவிரல் நகம் அளவு. அதுக்குள்ள மண்டை ஓடு, ரோசாப்பூ, நிலா, பழைய டிவிப் பெட்டி, உன் மூஞ்சி அம்புட்டையும் அடைச்சிருக்க. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், உன் மூஞ்சியை மட்டும் காணோம். தப்பிச்சேன்னு வச்சுட்டேன். ஸ்பாட்டிஃபைல பாட்டு ஓடுறப்ப மூணுல இருந்து எட்டு செகண்டுக்கு ஒரு படம் திரும்பத் திரும்ப ஓடுமாமே, அதுக்கு ராவெல்லாம் கண்ணு முழிச்சியாம். நல்லது. அதே கம்பெனி 2024ல இருந்து, வருசத்துக்கு ஆயிரம் தடவைகூடக் கேக்காத பாட்டுக்குக் காசு கிடையாதுன்னு சட்டம் போட்டிருக்கு, தெரியும்ல? அதனால நீ படத்தை எண்ணூறு தடவை திருத்துறதோட, பாட்டை ஆயிரம் பேரு கேக்குற மாதிரிச் செய்ய வழி உண்டான்னும் ஒரு கண்ணு பாரு. உங்க அம்மாவே எத்தனை தடவைதான் கேப்பா?

இதுவும் தோதுப்படலைன்னா இன்னொரு வழி சொல்லுதேன். 2025ல 'வெல்வெட் சன்டவுன்'னு ஒரு கோஷ்டி. நாலு பேரு, நீள முடி, பழைய காலத்துப் போட்டோ. மாசத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல கேட்டாகன்னு கணக்கு காட்டுச்சு. கடைசியில பாத்தா ஆளே கிடையாது. பாட்டும் படமும் செயற்கை நுண்ணறிவு சமைச்சது. நீயும் அப்படியே பண்ணிரு. பிராக்டிஸ் வேண்டாம், வேன் வாடகை வேண்டாம், டிரம்ஸ் அடிக்கிறவன் பிரியாணி கேக்க மாட்டான். ஆளே இல்லாத கோஷ்டியில நீ ஒருத்தன் இல்லாமப் போனா யாருக்குத் தெரியப் போகுது?

சரி, சிரிச்சது போதும். நம்ம சாதி சனத்துல, அதாவது தமிழ் பேசுற சனத்துல, படத்தையும் பாட்டையும் ஒரே கையால செஞ்ச புள்ள ஒண்ணு இருக்கு. மாதங்கி அருள்பிரகாசம். மாயான்னு கூப்பிடுவாக, எம்.ஐ.ஏ.ன்னு உலகம் சொல்லும். லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, சண்டைக்குத் தப்பி அகதியா லண்டனுக்கே திரும்பிப் போன புள்ள. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்ல சினிமா படிச்சா. எலாஸ்டிகான்னு ஒரு கோஷ்டிக்கு 2000ல அட்டைப்படம் செஞ்சா, அவுக சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கக் கேமராவோட போனா. போன இடத்துல ரோலண்ட் எம்சி-505ன்னு தாளம் போடுற பெட்டி ஒண்ணு பழக்கமாச்சு. படம் போட வந்தவ பாட ஆரம்பிச்சுட்டா. கவனிச்சியா, நீ போற திசைக்கு நேர் எதிர்த் திசை.

அவ படம் எப்படின்னா, அட்டையில உருவத்தை வெட்டி மேல ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிற வேலை. நம்ம ஊருல லாரியிலயும் சுவத்துலயும் தகரத்தை வச்சு எழுத்து அடிப்பாகளே, அதேதான். பனைமரம், புலி, டாங்கின்னு கண்ணைப் பறிக்கிற மிட்டாய்க் கலர்ல அடிச்சா. சிரிப்புக் காட்டுற கலரு, உள்ள இருக்கிறது குண்டு. 2005ல வந்த முதல் தொகுப்புக்குப் பேரு 'அருளர்', அப்பாவோட இயக்கப் பேரு. 2007ல 'கலா', அம்மா பேரு. அதுக்காகச் சென்னைக்கே வந்து நம்ம உறுமியைப் பதிஞ்சு கொண்டுபோனா. இங்க கொட்டகைக்கு வெளிய நின்ன உறுமி, அங்க ஆல்டர்நேட்டிவ் ஆயிட்டு. நீயும் அதை அங்க இருந்துதான் கேட்டுத் தலையாட்டின. கொடையில உன் காதுக்குப் பக்கத்துல அடிச்சப்ப தலைவலின்ன.

2010ல 'மாயா'ன்னு தொகுப்பு. அட்டையில அவ முகத்தையே காணோம், யூடியூப்ல பாட்டு எவ்வளவு ஓடிச்சுன்னு காட்டுமே அந்தப் பட்டை, அடுக்கடுக்கா முகத்தை மூடிக் கிடக்கும். நாமெல்லாம் முகத்தைக் காட்ட யூடியூப்புக்குப் போறோம், அவ அதாலயே முகத்தை மறைச்சா. அதுல உள்ள 'பார்ன் ஃப்ரீ' வீடியோவை அதே யூடியூப்ல இருந்து தூக்கினாக. 2015ல 'பார்டர்ஸ்', அகதிங்க படகுலயும் வேலியிலயும் தொத்திக்கிட்டுக் கிடக்கிற வீடியோ. அதுல பாரிஸ் கால்பந்து கோஷ்டியோட சட்டையில இருந்த 'ஃப்ளை எமிரேட்ஸ்'ங்கிறதை 'ஃப்ளை பைரேட்ஸ்'னு மாத்திப் போட்டிருந்தா. கிளப்புக்காரன் வக்கீல் தோரணையில கடுதாசி அனுப்பினான். உன் சட்டைக்கு இதுவரைக்கும் சலவைக்காரர்கூட ஒரு சீட்டு அனுப்பலையே மக்கா.

சென்னையிலயும் பாத்தேன்ல. 2018 சனவரியில, சாதி வேண்டாம்னு பாடுற 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கோஷ்டி மேடை ஏறினப்ப, கானா பாடுறவன், பறை அடிக்கிறவன் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சாம்பக் கலர் கோட்டு. வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே பாதிச் சேதி சொல்லிட்டாக. மீதிப் பாதியைப் பாடினாக. அந்த மீதிப் பாதிதான் உன்கிட்ட எங்கன்னு தெரியலை.

வர்ற கொடைக்கு ஊருக்கு வரும்போது லோகோ, பனியன், எட்டு செகண்டு எதுவும் கொண்டுவராத. ஒரே ஒரு பாட்டு முழுசாப் பாடிக் கொண்டாலே. குழாய் இன்னும் பரண்ல இருக்கு, நான் கட்டிவிடுதேன்.