கோட்டைக்குள் பள்ளிகொள்வது எப்படி?

திருவனந்தபுரத்தில் ஓட்டலில் தங்க யாருக்கும் வரும். சாவியை வாங்கி, ஏசியைப் போட்டு, படுத்தால் முடிந்தது. ஹோம்ஸ்டேதான் பயிற்சி வேண்டிய காரியம். அதுவும் கிழக்கேகோட்டைப் பக்கம், பத்மநாபசாமி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், நடுவே முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு என்றால் முன்தயாரிப்பு இல்லாமல் போகவே கூடாது.

முதலில் உங்கள் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் விருந்தாளியும் இல்லை, கஸ்டமரும் இல்லை. காசு கொடுக்கிற தூரத்துச் சொந்தம். கேரளச் சுற்றுலாத் துறை இந்த வீடுகளை டயமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் பிரிக்கிறது. வந்து தங்குகிறவர்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டது. நீங்கள் செருப்பை எங்கே கழற்றுகிறீர்கள் என்று பார்த்ததுமே அவர் அதை முடித்துவிடுவார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். செக்ரட்டேரியட்டில் இருந்தோ ஏஜீஸ் ஆபீஸில் இருந்தோ ரிட்டயர் ஆகி, முன்திண்ணையில் ஈசிசேரில் கிடப்பார். அவர்கள் பாஷையில் அது சாருகசேர. எழுந்து வரவேற்கவில்லையே என்று மனம் கோணாதீர்கள். இந்த ஊரில் சொந்தக்காரர் படுத்திருப்பதுதான் முறை. 1750-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா ராஜ்யம் மொத்தத்தையும் பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பத்மநாபதாசன் என்று தாமே மேனேஜர் வேலையில் சேர்ந்துகொண்டார். முதலாளி 18 அடிக்கு அனந்தன்மேல் சயனித்திருக்கிறார், ஓடியாடுவதெல்லாம் தாசர்கள். ஆகவே உங்கள் பெட்டியை நீங்களே மாடிக்குத் தூக்குங்கள்.

அடுத்தது பாஷை. மலையாளம் பாதி தெரியும் என்பீர்கள். அந்தப் பாதிதான் ஆபத்து. கேட்டில் 'பட்டியுண்டு' என்ற பலகையை எழுத்துக்கூட்டிப் படித்த உசிலம்பட்டிக்காரர் ஒருவர், சொந்த ஊர்ப் பாசத்தோடு உள்ளே போனார். பட்டி என்றால் நாய் என்பதை நாயே வந்து விளக்கிற்று. 'வெள்ளம் வேணோ' என்று கேட்டால் பதறி மாடி ஏற வேண்டாம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்கிறார்கள். வருவது பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். ரஸ்னா என்று நினைத்துச் சர்க்கரை கேட்டு விடாதீர்கள். 'கொஞ்சம் சம்சாரிக்கணும்' என்றால் உங்கள் சம்சாரத்தைக் கூப்பிடத் தேவையில்லை. அவருக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் கூப்பிட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தில் தமிழ்ப் பெருமை பேசத் தோன்றும். நீல பத்மநாபன் இந்த ஊரை வைத்து எழுதிய நாவலுக்குப் பெயரே 'பள்ளிகொண்டபுரம்', ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே கதை எழுதினார் என்றெல்லாம் எடுத்துவிடலாம். அதுவரை பத்திரம். 'இது பாதி எங்க ஊருதானே சார்' என்று முடித்தீர்களோ, 1956-ல் கன்னியாகுமரி கைவிட்டுப்போன கணக்கை அவர் எடுப்பார். மதியச் சாப்பாடு வரை வட்டி போடுவார்.

கோயில் முன்னால் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம். மணிக்கொரு தரம் இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஒரு தாடிக்காரர் கன்னத்தில் முட்டும்படி செய்து வைத்திருக்கிறார்கள். அதே ஒழுங்கில், எட்டு மணிக்கு வீட்டுக்காரச் சேச்சி உங்கள் கதவில் முட்டுவார். காலைப் பலகாரம் ஆறுகிறது என்று அர்த்தம். புட்டு, கடலைக் கறி, பப்படம், ரசகதளிப் பழம். சாம்பார் எங்கே என்று கண்ணால்கூடத் தேடக் கூடாது. பழத்தைப் புட்டோடு சேர்த்துப் பிசையுங்கள். பப்படத்தையும் நொறுக்கிப் போடுங்கள். நம் பாட்டிகள் பார்த்தால் கையைத் தட்டிவிடுவார்கள். ஆனால் இரண்டாம் வாய்க்குள் பாட்டியை மறந்துவிடுவீர்கள். சேச்சி இன்னொரு குற்றி புட்டைத் தட்டில் தள்ளுவார். 'போதும்' என்பது பயன்படாது. திருவனந்தபுரத்தில் எல்லோருக்கும் தமிழ் புரியும், வேண்டாத நேரத்தில் மட்டும் புரியாது. 'மதி' என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டெழுத்தைக் கற்க எனக்கு மூன்று குற்றி செலவாயிற்று.

கோயிலுக்குப் போகும்போது ஆண்களுக்கு வேட்டி மட்டும், சட்டை கூடாது. சுடிதார் போட்ட பெண்கள் மேலே ஒரு முண்டு சுற்ற வேண்டும். செல்போனை வெளியே விட வேண்டும். பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும்: ஒன்றில் திருமுகம், நடுவில் நாபி, கடைசியில் பாதம். பின்னால் நிற்பவர் தள்ளுகிற வேகத்தில் மூன்றையும் மனசுக்குள் ஒட்டிக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

நவராத்திரிக்கு வந்தால் கோட்டைக்குள்ளேயே மண்டபத்தில் கச்சேரி. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண்கள் அங்கே பாட முடியாமலிருந்தது. அந்த விதி போய்விட்டது, கைதட்டக் கூடாது என்ற விதி போகவில்லை. கோட்டைக் கொசு இதை நன்றாக அறியும். கடித்தால் தடவிக்கொடுங்கள்.

விமானத்தில் ஊர் திரும்ப ஆராட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், சாமி சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போகிறார். வழி விமான நிலைய ஓடுபாதைக்கு நடுவே. சில மணி நேரத்துக்கு எந்த விமானமும் ஏறாது, இறங்காது. வீட்டுக்காரரிடம் சலித்துக்கொண்டால் பொறுமையாக விளக்குவார்: ஏர்போர்ட் 1932-ல் வந்தது, சாமி அதற்கு முன்னாலேயே அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார், குறுக்கே வந்தது விமானம்தான். விமானம் தாமதமானால் இன்னொரு ராத்திரி வாடகை என்பதை மட்டும் விளக்க மாட்டார்.

ரூமைக் காலிசெய்ய வேண்டிய நேரம் பதினொரு மணி என்று எழுதி ஒட்டியிருக்கும். பெட்டியோடு கீழே இறங்கினால் அவர் சாருகசேரயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பக் கூடாது. திண்ணையைப் பார்த்து உள்ளேயிருந்து மூன்று ஜன்னல் இருக்கும். முதல் ஜன்னலில் தலை தெரியும், அடுத்ததில் வயிறு. மூன்றாவது ஜன்னலுக்குப் போய், வாடகைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.