எனக்குத் திறக்குதே!

"எனக்குத் திறக்குதே அத்தான்" என்றான் பாரிஸிலிருக்கும் மச்சான். அவனுக்கு ஏன் திறக்காது? அவன் போனில் அவனே எடுத்த படம். தன் வீட்டுப் பூட்டைத் தன் சாவியால் திறந்துவிட்டு, தெருவில் நிற்கிறவனைப் பார்த்து "நல்லாத்தானே திறக்குது" என்கிற மாதிரி.

கடுப்பு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். திறக்காத ஃபைலைத் திறக்க நிச்சயமான வழி ஒன்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

காரைக்காலில் உள்ள பூர்வீக வீட்டு விஷயமாக ஒரு பவர் பத்திரம் வரவேண்டும். மச்சான் பக்கம் பக்கமாக ஐபோனில் படமெடுத்து மெயிலில் அனுப்பினான். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் படங்களை ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கிறது. இடம் மிச்சமாம். மிச்சம் அவன் போனில். என் பழைய கம்ப்யூட்டருக்கோ அது என்ன ஜந்து என்றே தெரியவில்லை. ஜேபெக்காக அனுப்புடா என்றேன். அத்தனையையும் ஒரே மெயிலில் திணித்தான். 25 எம்பியைத் தாண்டியதும் ஜிமெயில் அதை டிரைவ் லிங்க் ஆக்கிவிட்டது. லிங்க்கைத் தொட்டால் "அனுமதி தேவை" என்கிறது. காலை எட்டு மணிக்குக் கேட்டேன். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அதாவது அங்கே விடியற்காலை நாலரை. என் தாத்தா கட்டிய வீட்டின் காகிதத்தைப் பார்க்க, குறட்டை விடுகிற மச்சானின் அனுமதிக்குக் காத்திருந்தேன்.

மின்னஞ்சலில் படமும் பாட்டும் சேர்த்து அனுப்ப வழி செய்த மைம் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் நத்தானியல் போரன்ஸ்டைன். 1992 மார்ச் 11-ல் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடியதையும் இணைத்து அனுப்பினார். என்றாவது பேரப்பிள்ளைகளின் படம் மெயிலில் வரவேண்டும் என்பது அவர் ஆசையாம். நல்ல மனுஷன். அவருக்கு என் மச்சானைத் தெரியாது.

பத்திரம் எழுதுகிறவர் தனி ரகம். அவர் அனுப்பிய ஃபைல் திறந்தது, ஆனால் உள்ளே தமிழ் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரும். என் தாத்தா பெயர் எப்படி வந்தது என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். கேட்டால், "என் சிஸ்டத்துல தமிழாத்தான் சார் இருக்கு."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் இருக்கிறதே! மாமாவின் ஆதார் வேண்டும் என்றேன், வந்தது, பாஸ்வேர்டு கேட்டது. விதி எளிதுதான்: பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம். வருமான வரியின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்குப் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டு, முழுப் பிறந்த தேதியும் சேர்க்க வேண்டும். ஒரே ஆள், ஆதாருக்குப் பெரியவர், வரிக்குச் சின்னவர். போகட்டும். பெயரின் முதல் நான்கு எழுத்து என்கிறார்களே, தமிழனுக்குப் பெயர் எங்கே தொடங்குகிறது? பி.குமார் என்றால் பி, புள்ளி, கே, யு. ஆமாம், புள்ளியும் ஓர் எழுத்து. இனிஷியல் பின்னால் இருந்தால் கணக்கு வேறு.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதோடு முடிந்தது. எங்களுக்கு இங்கேதான் ஆரம்பம். மாமா பிறந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஊர். அவர் பெயர் முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் காகிதத்தில் எம், யு, டி, ஹெச். பிரெஞ்சுப் பதிவிலோ உகரத்துக்கு ஓ-வும் யு-வும் சேர்ந்து வரும்: எம், ஓ, யு, டி. 1962 ஆகஸ்ட் 16-ல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். மாமாவின் தம்பி அந்தப் பக்கம் போனார், மாமா இந்தப் பக்கம் நின்றார். ஒரே அப்பா பெயர், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இன்னும் சில குடும்பங்களில், 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி பழைய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்து, புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் "உங்க பேர்ல முதல் நாலு எழுத்து" என்று கேட்டுப்பாருங்கள், "எந்தப் பேர்ல?" என்பார்கள். பிறந்த வருஷமாவது உறுதியா என்றால், பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டது ஒன்று. இரண்டு எழுத்துக்கூட்டல், இனிஷியல் முன்னும் பின்னும், புள்ளி உண்டு, இல்லை, வருஷம் இரண்டு, பெருக்கிக்கொள்ளுங்கள். மாமாவையே போனில் பிடித்துக் கேட்டேன். "எது போட்டாலும் நான்தானேப்பா" என்றார். அதைக் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

பாரதியார் சாலையில் பிரவுசிங் சென்டர் தம்பியிடம் போனேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அண்ணே, அனுப்புனவங்கள மறுபடி அனுப்பச் சொல்லுங்க" என்றான். அதற்குப் பத்து ரூபாய். நான் சொன்ன நிச்சயமான வழி இதுதான்.

வெளிநாட்டு உறவுகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அனுப்புவதை ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள். லிங்க் என்றால் யார் தொட்டாலும் திறக்கிற மாதிரி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். பாஸ்வேர்டு இருந்தால் புள்ளியோடு எழுதி அனுப்புங்கள். இதெல்லாம் பெரிய தொல்லை என்றால் தபாலில் போடுங்கள்: காரைக்கால், 609602. மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரி. தமிழ்நாடு என்று எழுதினாலும் வந்துவிடும்; தபால் கணக்கில் நாங்கள் தமிழ்நாடு வட்டம்தான்.