கேமரா கேள்வி, கிளிக் பதில்

வீட்டுக்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வந்தால் அதன் பின்னாலேயே பத்துக் கேள்விகளும் வந்துவிடும். சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து வாசகர்கள் இந்த முறை கேட்டது முழுக்க அதைப் பற்றித்தான்.

கே: எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குத் தாவிவிட்டார்கள். இப்போது போய் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் சிரிக்க மாட்டார்களா?
(கல்லூரி மாணவர், சென்னீர்குப்பம்)

ப: சிரிக்கிறவர்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் காட்டலாம். அது எந்த கேமராவில் எடுத்தது என்று அவர்களால் சொல்ல முடியாது.

நிறுவனங்கள் பக்கம் காற்று மாறிவிட்டது உண்மைதான். 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் தன் கடைசி உயர்ரக டிஎஸ்எல்ஆர் என்று கேனன் சொல்லிவிட்டது. நிக்கானின் கவனம் முழுக்க இசட் என்ற மிரர்லெஸ் வரிசையில். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு இதுதான் நல்ல காலம். வசதியுள்ளவர்கள் மாறும்போது அவர்கள் கைவிடும் கேமராவும் லென்ஸும் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. நிக்கானின் எஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) 1959 முதலும், கேனனின் இஎஃப் மவுன்ட் 1987 முதலும் புழக்கத்தில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளின் லென்ஸ்கள் வெளியே கிடக்கின்றன. நாளை கேனன் மிரர்லெஸ் வாங்கினாலும் இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு லாபம் பேட்டரி. நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதே நிறுவனத்தின் மிரர்லெஸ் இசட்50-க்கு அது முந்நூறை ஒட்டித்தான். டிஎஸ்எல்ஆரில் கண்ணுக்கு வரும் காட்சி கண்ணாடியில் பட்டு நேராக வருகிறது. அதற்குத் திரை எரிய வேண்டியதில்லை, மின்சாரமும் தேவையில்லை.

கே: கேனன் 1500டியா, நிக்கான் டி3500-ஆ? கடைக்காரர் இரண்டையும் ஒரே மாதிரி புகழ்கிறார்.
(தனியார் நிறுவன ஊழியர், அம்பத்தூர்)

ப: இரண்டும் 2018-ல் வந்தவை, இரண்டுக்கும் 24 மெகாபிக்சல். அதனால் கடைக்காரர் புகழ்ச்சியில் பொய்யில்லை. வித்தியாசம் லென்ஸ் மாட்டும்போது தெரியும். டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ. எஃப் 1.8டி போன்ற பழைய நிக்கான் லென்ஸை மாட்டினால் படம் எடுக்கலாம், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸ் மீது ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கேனனில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லா இஎஃப் லென்ஸுக்குள்ளும் மோட்டார் உண்டு.

பழைய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் கேனன். ஒரே கேமராவோடு நாள் முழுக்கச் சுற்றும் எண்ணம் இருந்தால், பேட்டரிக்காகவே நிக்கான்.

கே: மெகாபிக்சல் கூடினால் படம் அழகாகுமா?
(பள்ளி மாணவி, மாங்காடு)

ப: பெரிதாகும். கல்யாண ஆல்பத்தில் ஒட்டும் 4x6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். சுவரில் மாட்டும் 8x12-க்கு 8.6. இருபத்துநாலு மெகாபிக்சல் கேமரா 20 அங்குல அகலப் படத்தையே தாங்கும். மிச்சக் காசை லென்ஸுக்கு எடுத்துவைக்கலாம்.

கே: வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுத்தால் கை, முகம் எல்லாம் கலங்கிவிடுகிறது. கேமராவில் கோளாறா?
(இல்லத்தரசி, திருவேற்காடு)

ப: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, குழந்தையும் நன்றாகத்தான் ஓடுகிறது. குறை வெளிச்சத்தில். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்கு நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதனால் ஷட்டர் 1/20 வினாடி திறந்திருக்க வேண்டியதாகிறது. அதற்குள் குழந்தை அரை அடி நகர்ந்துவிடும்.

அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும். 1/20 வினாடி 1/200-க்குப் பக்கத்தில் வந்துவிடும். முகம் தெளியும், பின்னால் கிடக்கும் துணிக்குவியல் மங்கி மறையும். கேனன், நிக்கான் இரண்டிலும் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. முதல் லென்ஸ் வாங்க நினைக்கும் யாருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எஃப் 1.8-ல் ஃபோகஸ் விழும் ஆழம் மிகக் குறைவு. ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைக்காவிட்டால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும்.

அதுவரை, காசில்லாத வழி: குழந்தையை ஜன்னலோரம் விளையாட விடுங்கள்.

கே: பழைய கேமரா வாங்கும்போது எதைப் பார்ப்பது?
(ஆட்டோ ஓட்டுநர், அம்பத்தூர்)

ப: வண்டிக்கு மீட்டர் பார்ப்பதுபோல் கேமராவுக்கு ஷட்டர் கணக்கு. டி3500-ன் ஷட்டரை ஒரு லட்சம் முறை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. எண்பதாயிரம் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க நியாயம் உண்டு. அடுத்து, லென்ஸைக் கழற்றி ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே வைத்துவிட்டு வரலாம். கடைசியாக, வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்க வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்தால் போகக்கூடியதுதான், ஆனால் பேரம் பேச உதவும்.

கே: செம்பரம்பாக்கம் ஏரியில் கொக்கைப் படம் எடுத்தால் வெள்ளைத் துணி பறப்பதுபோல் வருகிறது. இறகே தெரியவில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பூந்தமல்லி)

ப: கொக்கின் வெள்ளையை கேமரா நம்பவில்லை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது சராசரிச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். காட்சியில் பெரும்பகுதி கரும்பச்சைத் தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு கொக்கு. தண்ணீரைச் சாம்பலாக்க அது வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு வெந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒன்று குறைத்து எடுத்தால் கழுத்து மடிப்பும் முதுகு இறகின் இழைகளும் திரும்ப வரும். கொக்கு காட்சி முழுவதையும் நிறைக்கும் அளவுக்கு அருகில் இருந்தால் கணக்கு தலைகீழ். அப்போது கேமரா வெள்ளையையே சாம்பலாக்கப் பார்க்கும், ஒன்று கூட்ட வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 250 மி.மீ. லென்ஸில் 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 வைக்கலாம். ஃபோகஸைத் தொடர் நிலைக்கு மாற்ற வேண்டும். கேனனில் அதன் பெயர் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி. காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் எதிரே வெளிச்சத்தில். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கருநிழல்தான். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் குடிநீர் ஏரி அது. அனுமதி இல்லாத பகுதிக்குள் போகாமல், பறவையைக் கல்லெறிந்து பறக்கவிடாமல் எடுத்த படமே நல்ல படம்.

கே: பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடும் பஸ் தெளிவாகவும் பின்புலம் கோடுகோடாகவும் வர வேண்டும். எப்படி?
(பாலிடெக்னிக் மாணவர், திருமழிசை)

ப: பஸ்ஸோடு சேர்ந்து கேமராவும் ஓட வேண்டும். ஷட்டரை 1/30-ல் நிறுத்தி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பியபடி பஸ்ஸைப் பின்தொடர்ந்து, நேரெதிரே வரும்போது அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக்கூடாது. பலரும் தோற்பது இங்கேதான்.

உச்சி வெயிலில் இதற்கு இறங்க வேண்டாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 16, 1/100 என்பது பழைய பிலிம் காலத்துச் சூத்திரம். 1/30-க்கு இறங்கினால் துளையை எஃப் 29 வரை சுருக்க வேண்டிவரும், அந்த அளவில் கூர்மை போய்விடும். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறை ஒட்டியும் எடுக்கலாம். நிற்கும் இடம் நடைபாதை, சாலையின் ஓரமல்ல.

கே: கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வருகிறது.
(கோயில் ஊழியர், திருமழிசை)

ப: அண்ணாந்து எடுத்தால் சாயும். கேமராவை மட்டமாகப் பிடித்துக்கொண்டு, முழுக் கோபுரமும் அடங்கும்வரை பின்னால் போக வேண்டும். கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். எதிர்வீட்டு மாடியில் ஏற அனுமதி கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

பின்னால் போக இடமே இல்லையென்றால் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டலாம். அதற்கு முன்னோடி தஞ்சாவூரில் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னியஸ் டிரைப், பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 1858-ல் துண்டுதுண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று கைக்குள் அடங்கும் டிஎஸ்எல்ஆருக்கு அது பத்து நிமிட வேலை. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு மூன்றில் ஒரு பங்கு ஒத்துப்போக வேண்டும், எக்ஸ்போஷரும் ஃபோகஸும் மாறாமல் இருக்க வேண்டும்.

கே: சென்னை ஈரத்தில் லென்ஸைக் காப்பாற்ற அரிசி டப்பாவில் வைக்கிறேன். சரியா?
(வங்கி ஊழியர், ஆவடி)

ப: அரிசியை உலைக்கு விடுங்கள். அதன் மாவுத் தூசி லென்ஸ் இடுக்கில் புகுந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சில பொட்டலம் சிலிகா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மானி, இவை போதும். மானி நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அவை ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டன, மாற்ற வேண்டும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த வீடு. ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவைப் பையைவிட்டு உடனே எடுக்காமல் அரை மணி நேரம் விட்டால் கண்ணாடியில் ஆவி படியாது.

கே: ஆவடியில் டாங்கி ஓடுவதைப் பார்த்தேன். கேமராவை எடுக்கலாமா?
(அதே ஊர்க்காரர் ஒருவர்)

ப: கண்ணால் பாருங்கள், கேமரா பையிலேயே இருக்கட்டும். பாதுகாப்புத் துறையின் தடைசெய்யப்பட்ட இடங்களைப் படம் எடுப்பது 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் வழக்காகலாம். பருத்திப்பட்டு ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே மீன்கொத்திக்கு எந்த ரகசியமும் இல்லை.

கே: ஊட்டி, ஹம்பி என்று போகிறவர்களுக்குத்தான் நல்ல படம் கிடைக்கிறது. எங்கள் சென்னீர்குப்பத்தில் என்ன இருக்கிறது?
(இளம்பெண், சென்னீர்குப்பம்)

ப: சென்னையில் அமெச்சூர் புகைப்படக் கலைக்கு வயது அதிகம். டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் முயற்சியில் இங்கே புகைப்படச் சங்கம் தொடங்கியது 1857-ல். போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் இன்றும் நடக்கிறது. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் பாகங்களைத் தானே சேர்த்து அமைத்த கேமராவில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் 1996-ல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் எழுதிய பத்தியில் காட்டு மிருகத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக் காக்கை அணிலுக்கும் ஒரே மரியாதைதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ பிலிம் தயாரித்த காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான், அழுத்தும் முன் யோசித்தார்கள். இப்போது ஒரு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

சென்னீர்குப்பத்தில் என்ன இருக்கிறது என்றால், யாரும் எடுக்காத படம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கி.மீ. மெட்ரோ பாதை இந்த வட்டாரத்துச் சாலையின் முகத்தையே மாற்றியிருக்கிறது. தூண் எழும்பும் முன் அந்தச் சாலை எப்படி இருந்தது என்று காட்ட எத்தனை வீட்டில் படம் இருக்கிறது? ஓட்டுவீடு, கிணறு, தறிகெட்டு வளரும் அடுக்குமாடி, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தெரு எல்லாம் இன்றைக்கு இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில், ஒரே உயரத்தில் உங்கள் தெருவை எடுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் தெருவின் பெயரும் இருக்கட்டும், ஒரு பிரதி வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். இந்த மாதமே தொடங்குங்கள்.