தாத்தா சிப்புக்கு வேலை இருக்கிறதா?

வீடியோ கேம் வம்சங்களின் வரலாற்றில் ஒரு சட்டம் மட்டும் மாறாமல் இருக்கிறது. புது கன்சோலுக்குள் பழைய சிப் தாத்தாவுக்கு ஏதாவது வேலை இருந்தால் திண்ணையில் இடம் உண்டு. வேலை இல்லையென்றால் தெருதான்.

முதலில் தெருவைக் காட்டியது அடாரி. 1977இல் வந்து, பின்னாளில் 2600 என்று பெயர் பெற்ற கன்சோல் அமெரிக்க வீடுகளில் சக்கைப்போடு போட்டது. 1982இல் அடாரி 5200 வந்தது. அதில் பழைய கார்ட்ரிட்ஜ் எதுவும் ஓடாது. அலமாரி நிறைய வாங்கி அடுக்கியவர்கள் மறுபடியும் முதலிலிருந்து வாங்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தது கோலிகோ. 1932இல் செருப்பு ரிப்பேருக்குத் தோல் விற்கப் பிறந்த கம்பெனி அது. தன் கோலிகோவிஷன் கன்சோலின் முன்பக்கத்தில் செருகிக்கொள்ள ஒரு பெட்டி கொண்டுவந்தது. அதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழு 2600 உட்கார்ந்திருந்தது. எல்லாம் கடையில் கிடைக்கிற உதிரிபாகங்கள். ஆக, அடாரியின் பழைய கேமை அடாரியின் புது கன்சோலில் ஆட முடியாது, போட்டிக்காரன் கன்சோலில் ஜோராக ஆடலாம்! அடாரி கோர்ட்டுக்கு ஓடியது. கடைசியில் சமரசமாகி, கோலிகோ ராயல்டி கட்டியது.

1983இல் 5200க்கும் ஒரு அடாப்டர் வந்தது. ஆனால் முதலில் விற்ற 5200களில் பெரும்பாலானவற்றை ரிப்பேருக்குக் கொடுத்து மாற்றினால்தான் அந்த அடாப்டரே வேலை செய்யும். தன் பழைய பெட்டியோடு ஒத்துப்போகத் தயாரித்த சாமான் தன் புதுப் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை. இந்தச் சாதனையை அடாரியிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

சேகாவுக்குக் குடும்பம் நடத்தத் தெரிந்திருந்தது. தன் முந்தைய கன்சோலான மாஸ்டர் சிஸ்டத்தின் மூளையாக இருந்த இசட்80 சிப்பை, 1988இல் வந்த மெகா டிரைவில் ஒலியைக் கவனிக்க வைத்துக்கொண்டார்கள். மேலே ஒரு கன்வெர்ட்டரை மாட்டிப் பழைய கார்ட்ரிட்ஜைச் செருகினால் போதும், கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த தாத்தா மறுபடியும் குடும்பத் தலைவர்!

சோனியும் 2000இல் அதையே செய்தது. முதல் பிளேஸ்டேஷனின் மூளை பிளேஸ்டேஷன் 2இல் கன்ட்ரோலர், மெமரி கார்டு பார்த்துக்கொள்ளும் எடுபிடி. பழைய டிஸ்க் வந்தால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே களத்தில் இறங்கும்.

2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, பிளேஸ்டேஷன் 2இன் சிப்களும் உள்ளே இருந்தன. 60 ஜிபி மாடலுக்கு அமெரிக்காவில் விலை 599 டாலர். ஆனால் இந்தத் தாத்தாவுக்குப் பழைய டிஸ்க் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எத்தனை நாள் கண்ணில் படாமல் இருப்பார்? 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்குப் போன மாடலில் பாதித் தாத்தாதான் இருந்தார், அதாவது இரண்டு பெரிய சிப்களில் ஒன்று காலி. அக்டோபரில் வந்த 40 ஜிபி மாடலில் அவர் அறவே இல்லை. புது கேம்கள்தான் நிறைய வந்துவிட்டனவே என்று சோனி சமாதானம் சொன்னது.

மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்பட்டபோது, பழையதையும் ஓட்ட வேண்டும் என்பதே பின்தங்கிய புத்தி என்கிற ரீதியில் பேசினார் அதன் தலைவர் டான் மேட்ரிக். சில வாரங்களில் அவரே வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். பிளேஸ்டேஷன் 4 விற்பனையில் முந்தியது. 2015 ஜூனில், லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில், முந்தைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360இன் கேம்கள் இனி எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஓடும் என்று அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் பில் ஸ்பென்சர் அறிவித்தார். அரங்கமே ஆர்ப்பரித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தாம்பசலித்தனம், இப்போது புரட்சி! இந்த முறை சிப்பே வேண்டியிருக்கவில்லை. எமுலேட்டர் என்கிற சாஃப்ட்வேர் தாத்தா வேஷம் கட்டி ஆடியது.

பிளேஸ்டேஷன் 5 அநேகமாக எல்லா பிளேஸ்டேஷன் 4 கேமையும் ஓட்டும். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கைப் போட்டால் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தத் தாத்தாவை எங்கேயோ ஒரு சர்வர் ஹோமில் சேர்த்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் உள்ள நாடுகளில் சந்தா கட்டினால், இன்டர்நெட்டில் முகம் காட்டுவார். நெட் மெதுவாக இருந்தால் அதுவும் கலங்கலாகத்தான் தெரியும்.