நல்ல அப்பா

மும்பை செம்பூரில் குடியிருந்துகொண்டு புருஷனிடம் அடி வாங்குவதற்குக் கொஞ்சம் புவியியல் தெரிந்திருக்க வேண்டும். அடித்தவனை விலக்கிவைக்க மனுப் போடுவது குர்லா மாஜிஸ்திரேட் கோர்ட்டில். பெற்ற பிள்ளை யாரிடம் வளர்வது என்று வழக்காடுவது பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில். நடுவே மித்தி ஆறு. இந்தக் கரையில் சொன்னது அந்தக் கரைக்குக் கேட்பதில்லை.

திலக் நகரில் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? எந்த பில்டிங்கில் வேண்டுமானாலும் இருப்பாள். குர்லா கோர்ட் அவளுக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்துவிட்டது. அவன் அவளிடம் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை செய்யும் இடத்துப் பக்கம் வரக் கூடாது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 18ஆம் பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். அவள் அதை லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருக்கிறாள்.

பிறகு அக்கரையிலிருந்து இன்னொரு காகிதம் வருகிறது. சனிக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்குப் பிள்ளையை அப்பாவிடம் ஒப்படைத்து, மாலை ஐந்துக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். யார் ஒப்படைப்பது? அவளேதான். ஆறு நாள் அவனிடமிருந்து ஒளிந்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஏழாம் நாள் அவன் எதிரில் போய் நிற்கச் சட்டமே ஆளனுப்புகிறது.

பையனுக்கு இருமல். மருந்து எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் பேசக் கூடாதே! அதனால் ‘சாப்பிட்டபின் ஒரு மூடி’ என்று துண்டுச்சீட்டு எழுதிப் பையில் குத்தி அனுப்புகிறாள். அவன் பிரித்து, நாலு பேர் கேட்க வாசிக்கிறான். “உங்கம்மா எனக்கு லவ் லெட்டர் குடுத்திருக்காடா!” ஆறு வயசுப் பையன் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பார்க்கிறான்.

குடும்ப நீதிமன்ற ஆலோசகரைக் கேளுங்கள். கணவன் மனைவி தகராறு வேறு, தகப்பன் பிள்ளை பாசம் வேறு என்பார். மாட்டுங்காவிலிருந்து வரும் பெரியப்பாவும் அதையே சொல்வார்: “ஒன்கிட்ட கை நீட்டினான், வாஸ்தவம். கொழந்தைய உசுரா வெச்சிருக்கானேம்மா.” ஆஹா! இந்த மகானுக்கு வலது கை இரண்டு போலிருக்கிறது. ஒன்று அம்மாவின் கன்னத்துக்கு, இன்னொன்று பிள்ளையின் தலையைத் தடவ. கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பிள்ளை அடி வாங்கினவர்கள் கணக்கில் சேராது. அது வெறும் பார்வையாளர், டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தது.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, அந்த ஆள் வந்து பார்ப்பது பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று மாஜிஸ்திரேட் கருதினால், சந்திப்பை மறுத்தே ஆக வேண்டும் என்கிறது. ‘மறுக்கலாம்’ என்றுகூட இல்லை. அதைக் கேட்டுப் பார்க்கலாமா என்றால் வக்கீல் பதறுகிறார். “வேண்டாம்மா, பிள்ளை மனசைக் கெடுக்கிறேன்னு எழுதிடுவாங்க. அப்புறம் கஸ்டடியே போயிடும்.” பொய்ப் புகார் கொடுக்கும் பெண்களும் உண்டே என்பீர்கள். உண்டு. பொய்யா மெய்யா என்று பார்க்கத்தானே கோர்ட் வைத்திருக்கிறோம்? பாருங்களேன். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே.

அறுபது நாளா! டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ்மீது ரியா பிள்ளை இதே மும்பையில் இதே சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்தது 2014இல். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முடிவு வந்தது 2022 பிப்ரவரியில். ஊருக்கே தெரிந்தவர்களுக்கு எட்டு ஆண்டு. எட்டு ஆண்டில், பால்பல் விழுந்துகொண்டிருந்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உதவிக்குப் பாதுகாப்பு அலுவலர் இருப்பார் என்பது இன்னொரு நல்ல செய்தி. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். அந்த அலுவலர்களை நியமித்துத் தொலையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆறு வாரம் கெடு வைத்தது 2025 மே மாதம்.

இத்தனைக்கும் இந்து இளவர் சட்டப்படி பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா. அவருக்கு ‘அப்புறம்’தான் அம்மா. ‘அப்புறம்’ என்றால் அவர் செத்த பிறகுதான் என்று பொருளில்லை என்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைக்க, கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கியோடு மோதி 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் நம் செம்பூர் செட்டா நகர் முருகன் கொடுத்துவைத்தவர். கோபித்துக்கொண்டு தனிமலை ஏறினார். அம்மையும் அப்பனும்தான் தேடி வந்தார்கள். சனிக்கிழமை தவறாமல் கயிலாயத்தில் கொண்டுவந்து விடச் சொல்லிக் கார்த்திகைப் பெண்களுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

ஸ்பெயினில் ஒரு தாய், இவன் ஆபத்தானவன் என்று முப்பதுக்கும் மேற்பட்ட முறை புகார் கொடுத்தாள். அங்கும் நல்ல அப்பாதான் ஜெயித்தார். கண்காணிப்பில்லாத சந்திப்புக்கு அனுமதி கிடைத்தது. 2003இல் அப்படி ஒரு சந்திப்பின்போது ஏழு வயது மகளைச் சுட்டுக் கொன்று தானும் செத்தான். அரசின் மீது தவறு என்று ஐ.நா. குழு 2014இல் சொன்னது. துணையைத் தாக்கிய குற்ற வழக்கில் சிக்கியிருக்கும் தகப்பனுக்குப் பிள்ளையைச் சந்திக்கும் ஏற்பாடு பொதுவாகக் கிடையாது என்று 2021இல் அந்த நாடு சட்டத்தைத் திருத்திக்கொண்டது. ஒரு பிணம், பதினெட்டு ஆண்டு. நமக்கு எத்தனை வேண்டும் என்று எந்த அமைச்சகமாவது ஒரு சுற்றறிக்கையில் தெரிவித்தால் வசதியாக இருக்கும்.

அதுவரை திலக் நகர்க்காரி சனிக்கிழமை பதினொரு மணியைத் தவறவிடக் கூடாது. ஹார்பர் லைன் ரயில் தாமதம், பையனுக்குக் காய்ச்சல், பயமாக இருக்கிறது – எதுவும் செல்லாது. ஒரு வாரம் போகாவிட்டால் உத்தரவை மீறியதாக அவள்மீது மனு பாயும். அதற்கு மட்டும் அறுபது நாள் ஆகாது.